ஆளில்லாத தக்கை

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையொன்றில் வாரத்தில் ஆறு நாள் அரம் பிடிக்கிற சூசைராஜ், ஏழாவது நாள் காலைப் பூசை முடிந்த கையோடு தூண்டில் கம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூசாரிகுளத்துக்குக் கிளம்பிவிடுவார். சின்னாளப்பட்டி நெசவாளி சோலைமுத்து அவருக்கு முன்பே வந்து கரையோரச் சேற்றில் தூண்டிலுக்குத் தவளை பிடித்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. மீனைவிட மீன் பேச்சுதான் அங்கே அதிகம்.

“கவ்வுனதும் இழுத்துராதீங்க சோலை. விரால் தவளைய வாயில வச்சுக்கிட்டுத் தன் எடத்துக்குப் போகும். அங்க போயித்தான் திருப்பி முழுங்கும். அது வரைக்கும் தூண்டி நரம்ப விட்டுக் குடுக்கணும்.”

“அம்புட்டு நேரம் என் கை நிக்காதுண்ணே. பதறுதுல்ல.”

“அதுக்குத்தான் வெத்தல பாக்கு கொண்டாந்துருக்கேன். வாய்க்கு வேலை குடுங்க, கை தானா அடங்கும்.”

தூண்டில் முள்ளைச் சூசைராஜே செய்வார். குடைக்கம்பியை வளைத்து, பட்டறை அரத்தால் தேய்த்து, நுனியை லேசாக இடப்பக்கம் ஒருக்களித்து விடுவார். அப்படி ஒருக்களித்த முள்ளிலிருந்து விரால் தப்பாது என்பது அவர் கணக்கு. மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து, தண்ணீருக்கு மேல் நிற்கிற பாதிக்குச் சிவப்பு அரக்குப் பூசி, கறுப்பு நூலால் இரண்டு சுற்றுச் சுற்றுவதும் அவர்தான். அந்தத் தக்கை மூன்று பேரிடம் மட்டுமே இருந்தது. ஒன்று அவரிடம், ஒன்று சோலைமுத்துவிடம். மூன்றாவது பொம்மையனிடம்.

பொம்மையன் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். கையால் தைத்த அகலமான தோல் பெல்ட்டை வேட்டிமேல் கட்டிக்கொண்டு, பேகம்பூரிலிருந்து நடந்தே குளத்துக்கு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அன்றைக்குச் சூசைராஜ் அக்காள் பேரனுடைய ஞானஸ்நானத்துக்காக வத்தலக்குண்டு போயிருந்தார். சோலைமுத்து தறியைவிட்டு எழ முடியாத வேலையில் இருந்தார். அதே வாரம்தான் ஊரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியும் கிளம்பிப் போனது. ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பொம்மையன் நாடகக்காரி பின்னால் போய்விட்டார் என்று தெருக்குழாயில் வரிசையில் நின்ற பெண்கள், அவர் மனைவி கண்ணம்மாள் காதில் விழும்படியே பேசினார்கள். சூசைராஜ் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், தை மாதம். குளம் மறுகால் பாய்ந்து முடித்து, தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. உச்சிப் பொழுதில் காற்றே இல்லை. கருவேல இலைகூட அசையவில்லை. சோலைமுத்துதான் முதலில் பார்த்தார்.

“அண்ணே, உங்க தக்க அம்புட்டு தூரத்துலயா கெடக்கு?”

சூசைராஜின் தக்கை அவருக்கு முன்னாலேயே, கம்பிலிருந்து பத்தடியில் நின்றது; சோலைமுத்துவுடையதும் பக்கத்திலேயே நின்றது. சோலைமுத்து காட்டிய தக்கை, பட்டுப்போன கருவேல மரத்துக்கு அப்பால், தண்ணீர் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் இருந்தது. சிவப்பு அரக்கு வெயிலில் பளபளத்தது. கறுப்பு நூல் இரண்டு சுற்று. அதைப் பிடித்திருக்கிற கம்பு எந்தக் கரையிலும் இல்லை. மனிதரும் இல்லை.

“எவனோடதோ அத்துக்கிட்டு வந்துருக்கும்,” என்றார் சூசைராஜ். குரல் அவருக்கே சரியாகப் படவில்லை.

தக்கை அசைந்தது. காற்றடித்தால் மிதக்கிற பொருள் ஒரு பக்கமாக ஒதுங்கும். இது ஒதுங்கவில்லை. சிறிய வட்டமாக, ஒரே இடத்தைச் சுற்றி, நிதானமாகப் போய் வந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் செத்த நேரம் நின்றது. யாரோ தவளைக்கு உயிர் காட்டுவதற்காகக் கம்பின் நுனியை ஆட்டி ஆட்டி நிறுத்துவதுபோல் இருந்தது. பொம்மையன் அப்படித்தான் ஆட்டுவார்.

சூசைராஜ் தன் தூண்டிலைச் சுழற்றி அந்தத் தக்கைக்கு அப்பால் வீசினார். மூன்றாவது வீச்சில் முள் அந்த நரம்பில் மாட்டியது. மெல்ல இழுத்தார். தக்கை கரைக்கு வந்தது. பின்னாலேயே முள்ளும் வந்தது. முள்ளில் தவளை இருந்தது.

உயிருள்ள தவளை. தொடைத் தோலில் முள்ளைக் கோத்து, எலும்பில் படாமல் விட்டிருந்தது. கோத்து அரைமணிகூட ஆகியிருக்காது. காயத்தில் ரத்தம் இன்னும் சிவப்பாகவே கசிந்தது. சூசைராஜ் முள்ளைத் திருப்பிப் பார்த்தார். நுனி இடப்பக்கம் ஒருக்களித்திருந்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை.

“யாரு கோத்தது?” சோலைமுத்து கரையைச் சுற்றிப் பார்த்தார். “விடிஞ்சதுலருந்து நான் இங்கதான இருக்கேன். ஒரு ஈ காக்கா வரலண்ணே.”

சூசைராஜ் முள்ளைக் கழற்றித் தவளையைத் தண்ணீரில் விட்டார். அது கரையோரப் புல்லுக்குள் போகவில்லை. கருவேல மரத்தைத் தாண்டி, கறுத்த தண்ணீரை நோக்கி நீந்தி, அங்கே முங்கியது.

நரம்பின் மறுமுனை அங்கேதான் போயிற்று. நைலான் நரம்பு. மதுரையில் விற்கத் தொடங்கிய புதிதில் மூவரும் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டது. சூசைராஜ் அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பாறையில் சிக்கிய நரம்பு விறைப்பாக நிற்கும். இது கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் பிடித்தது. அவர் இழுப்பதை நிறுத்தியதும் விரலில் இரண்டு முறை அதிர்ந்தது. மீன் இழுப்பு அப்படி இருக்காது. அந்தப் பக்கம் இருப்பவர், எதிலோ மாட்டியிருக்கிறதா என்று மெல்லச் சுண்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் நரம்பை விடவில்லை. தக்கையையும் முள்ளையும் மட்டும் அறுத்தெடுத்துக் கரையில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“ஏண்ணே, வேணாம்ணே! ஆளக் கூட்டிட்டு வருவோம்.”

“கம்ப வச்சு ஊனிப் பாத்துத்தான் போறேன். சைக்கிள்ல சுத்தி வச்சிருக்க நீளக் கயித்த எடுங்க. ஒரு முனைய என் இடுப்புல கட்டி, நீங்க புடிச்சுக்கங்க.”

முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. தரை கெட்டியாகத்தான் இருந்தது. பட்டுப்போன கருவேலத்தைத் தாண்டி ஆறு எட்டு வைத்ததும் முன்னால் ஊன்றிய கம்பு தரையைத் தொடாமல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய்க் கைப்பிடி வரை முழுகியது. சூசைராஜ் அசையாமல் நின்று, பெருவிரலால் தடவினார். வழவழப்பான கல். பக்கத்தில் இன்னொரு கல். வளைவாகக் கட்டிய கட்டு. அதற்கு அப்பால் அவர் பாதத்தில் பட்ட தண்ணீர் ஐஸ்போல் குளிர்ந்திருந்தது.

குளத்துக்குள் கிணறு.

கையிலிருந்த நரம்பு மறுபடியும் சுண்டியது. இந்த முறை மெதுவாக, விடாமல். வா என்று கூப்பிடுவதுபோல. சூசைராஜின் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. “அண்ணே!” என்று சோலைமுத்து அலறிக்கொண்டு கயிற்றை இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்தார். நரம்பு கையை அறுத்துக்கொண்டு நழுவிப் போயிற்று.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிணறு தெரிந்ததுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பஞ்சத்தில், வறண்ட குளத்துக்குள் தோண்டியது. மழை திரும்பியதும் குளம் அதை மூடிக்கொண்டது. டவுனிலிருந்து வரும் தூண்டில்காரர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

மறுநாள் கிராம முன்சீப்பும் இரண்டு போலீஸ்காரர்களும் கரையில் நிற்க, தெப்பம் கட்டிப் போன ஆட்கள், வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். முதலில் மூங்கில் கம்பு வந்தது. பிறகு முக்குளிக்கத் தெரிந்த ஒருவர் மூன்று தடவை உள்ளே போய் வந்தார். உள்ளே சரிந்து கிடந்த, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலைக் கட்டையின் அடியில் எலும்புகள் சிக்கியிருந்தன. கூடவே அகலமான தோல் பெல்ட். வாய்கட்டிய அதன் பையில் சூசைராஜ் செய்து கொடுத்த முள் இரண்டு, துருவேறி ஒட்டிப்போய்க் கிடந்தன. கம்பில் நரம்பு இல்லை. கிணற்றிலும் நரம்பு அகப்படவில்லை. முந்தின நாள் கரையில் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போன தக்கையும் முள்ளும் காலையில் இல்லை.

கண்ணம்மாள் பெல்ட்டை வாங்கி மடியில் வைத்து, தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். அழுதது பிறகுதான். அதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

“ஓடிப் போகல. எல்லாரும் கேட்டுக்கங்க. எம் புருசன் ஓடிப் போகல.”

சூசைராஜ் அன்றிலிருந்து தூங்கவில்லை. பொம்மையன் காணாமல்போன வாரத்துக்கு முந்திய ஞாயிறு, அவர்தான் சொல்லியிருந்தார்: பட்ட கருவேலத்துக்கு அப்பால தண்ணி கறுத்துக் கெடக்கு பாருங்க, பெரிய விரால் அங்கதான் கெடக்கும், மார்பு மட்டுக்கு எறங்கிப் போட்டா ஒரே வீச்சு. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆள் காணோம் என்றதும் முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். நாடகக் கம்பெனிக் கதை காதுக்கு வந்தபோது, அதைப் பிடித்துக்கொண்டு அந்த நினைவை அமுக்கிவிட்டார்.

சித்திரையில் தண்ணீர் வற்றி, கிணற்றின் வாய் வெளியே தெரிந்தது. அதை மூடிவிடுவது என்று ஊரில் பேசி முடித்தார்கள். வண்டி வண்டியாகக் கல் வந்தது. மூன்று நாள் கொட்டியும் கிணற்றுத் தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை என்று கொட்டியவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். நான்காம் நாள்தான் ஏறத் தொடங்கியது. கண்ணம்மாள் தினமும் வந்து மற்றவர்களோடு கல் சுமந்தாள். சூசைராஜும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், கற்குவியலுக்குப் பக்கத்தில் அவர்கள் இருவர் மட்டும் நின்றபோது, அவர் வாய் திறந்தார்.

“தாயி, அந்த எடத்தச் சொன்னது நான்தான். மார்பு மட்டுக்கு எறங்கச் சொன்னதும் நான்தான். கெணறு இருக்குறது சத்தியமா தெரியாது.”

அவள் தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே அவரைப் பார்த்தாள்.

“அவரக் காணோம்னு நான் ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேனே. அன்னைக்கு இது ஒங்களுக்கு ஞாபகம் இருந்துச்சாண்ணே?”

பொய் சொல்ல இடம் இருந்தது. மறந்துவிட்டது என்றால் அவள் நம்பியிருப்பாள்.

“இருந்துச்சு தாயி.”

 தூரத்தில் வண்டிமாடு மணி குலுக்கியது. கண்ணம்மாள் குவியலில் இருந்த பெரிய கல்லொன்றைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

“தூக்கி விடுங்க,” என்றாள்.

“அது கனம் தாயி. நான் கொண்டு போறேன்.”

“தூக்கி விடுங்கண்ணே.”

சூசைராஜ் குனிந்து அந்தக் கல்லை எடுத்து அவள் தலையில் வைத்தார். கழுத்து நரம்பு புடைக்க அவள் அதைத் தாங்கிக்கொண்டு, காய்ந்து வெடித்த குளத்தின் நடுவே, கிணற்றை நோக்கி நடந்தாள். அவர் தனக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.