ஊறிய அரிசி

சாதியாவுக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது என்று அவள் கணவர் ஆரிஃப் அடிக்கடி சொல்வார். அது உண்மைதான். மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள், ஆட்குறைப்பில் வேலை போனபோது தெரிந்தவர்களில் ஒருவரிடம்கூட வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, தேக்காவில் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறையை வாடகைக்கு எடுத்து, கிரைண்டரும் மிக்ஸியும் பழுது பார்க்கத் தொடங்கினாள்.

வேலை சுத்தமாக இருக்கும். அவள் பார்த்துக் கொடுத்த கிரைண்டர் திரும்பி வந்ததில்லை. ஆனால் அந்த மாடியில் அப்படி ஒரு கடை இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வேலை நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும் என்று அவள் நம்பினாள். ஒன்றரை வருடம் ஆகியும் தானாக வந்தவர்கள் குறைவு. கிளமெண்டி வீட்டிலிருந்து காலையில் வந்து, மதியம்வரை ஒரே ஒரு மிக்ஸியைத் திருப்பித் திருப்பித் துடைத்துவிட்டுப் போன நாள்களும் உண்டு.

ஆரிஃப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்ததால்தான் சிறுவணிகர்கள் கூடும் காலைச் சிற்றுண்டிக் கூட்டத்துக்கு ஒருமுறை போனாள். கடைசி மேசையில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று இருந்தவளைப் பக்கத்தில் வந்து அமர்ந்த பெண்மணி விடவில்லை. அவர் பெயர் கதீஜா. தெம்பனிஸில் தோசை மாவு அரைத்து உணவகங்களுக்குக் கொடுப்பவர். பூர்வீகத்தை விசாரித்ததில் இருவர் குடும்பமும் ஒரே கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. அக்காவை அழைக்கும் அந்தப் பக்கத்து வழக்கப்படி சாதியா அவரை லாத்தா என்று கூப்பிட, அவர் மறுவாரமே தன் கிரைண்டர்களைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

உபி தொழிற்பேட்டையில், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகச் சுற்றித்தரும் கடை வைத்திருக்கும் கோ என்ற சீனப் பெரியவரும் அப்படித்தான் பழக்கமானார். மின்-விலைப்பட்டியல் அனுப்பக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றில் இருவருக்கும் ஒரே கணினி. இருவருக்குமே கடைசிவரை சரியாக வரவில்லை. அதைச் சொல்லிச் சிரித்ததில் நட்பானார்கள்.

புக்கிட் பாத்தோக்கில் மாவுத் தொழிற்கூடம் நடத்தும் மாணிக்கம் மட்டும் யார் மூலமாகவும் வரவில்லை. கைப்பேசியில் தேடி, அவளைக் கண்டுபிடித்து அழைத்தவர். மூன்று பெரிய கிரைண்டர்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட உணவகங்கள் அவர் மாவை நம்பி இட்லி ஊற்றின. கல் கொத்தவும் பெல்ட் மாற்றவும் அவளை இரண்டு முறை அழைத்திருந்தார். அவளுக்கு அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடையாது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று கிரைண்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன என்றார்.

சாதியா டாக்சி பிடித்துப் போனாள். உள்ளே நுழையும்போதே கருகிய வாடை மூக்கில் ஏறியது. மின்பெட்டியைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மூன்று கம்பிகளில் வரவேண்டிய மின்சாரம், ஒரு முனை தளர்ந்து எரிந்துபோனதால் இரண்டில் மட்டும் வந்திருக்கிறது. அப்படி ஓடினால் மோட்டார் சூடேறிக் கருகும். அதைத் தடுத்து நிறுத்தவேண்டிய ரிலே பழசாகிச் செயலிழந்திருந்தது. மூன்று மோட்டாரின் காயிலும் போய்விட்டது.

மாணிக்கம் சுவரோரம் வரிசையாக நின்ற நீலப் பீப்பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும், முந்நூறு கிலோவுக்குக் குறையாது. சாயங்காலத்துக்குள் அரைக்காவிட்டால் உளுந்து வாடையடிக்கத் தொடங்கிவிடும். அதோடு போனால் பரவாயில்லை. பண்டிகைக்கு முந்தைய வாரம் மாவு கொடுக்காத ஆளை உணவகங்கள் பண்டிகைக்குப் பிறகு எதற்கு நினைக்கப்போகின்றன? அவர் மனைவி முத்தாயி, ஊழியர்கள் ஆறு பேரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் உணவகமாக அழைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சாதியாவுக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் வந்தபோதே அந்த ரிலேயை அவள் கவனித்திருந்தாள். அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதினாள், வாயால் சொல்லவில்லை. வலியுறுத்திச் சொன்னால் வேலை பிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பாரோ என்ற கூச்சம். அதை அவரிடம் சொல்லாமல் கருவிப்பெட்டியை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, ரிலே பழசுன்னு எனக்குத் தெரியும். எழுதினேன், ஆனா நேர்ல சொல்லியிருக்கணும். சொல்லல."

மாணிக்கம் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"நீ எழுதுனது என் போன்லதான் இருக்கும்மா. நான் தொறந்துகூடப் பாக்கல" என்றார்.

அந்தப் பதில்தான் அவளுக்கு அடுத்த வார்த்தையைப் பேசத் தைரியம் கொடுத்தது. தெம்பனிஸில் கதீஜாவின் இயந்திரங்கள் பதினொரு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும், மதியம் முழுக்கச் சும்மாதான் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் கஷ்டத்தை அவர் போட்டியாளரிடம் போய்ச் சொல்வதற்கு, அவர் சம்மதம் வேண்டும். அவள் அதைக் கேட்டாள்.

கதீஜா என்ற பெயரைக் கேட்டதுமே மாணிக்கத்தின் முகம் மாறியது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு பெரிய உணவகங்கள் கதீஜாவிடம் மாறிப்போயிருந்தன. அதன்பிறகு ஒரு விருந்தில் எதிரெதிரே அமர்ந்தும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவங்க வாசல்ல போய் நிக்கச் சொல்றியா என்று கேட்டார். கோயில் சமையலுக்கும் தன் மாவு போகிறது, கவிச்சி புழங்கும் இடத்தில் அரைக்க முடியாது என்றும் சொன்னார். இரண்டாவதற்குச் சாதியாவிடம் பதில் இருந்தது. அந்தக் கூடத்துக்குள் அரிசி, உளுந்து, வெந்தயம் தவிர எதுவும் நுழைந்து அவள் பார்த்ததில்லை.

முதலாவதற்குப் பதில் சொன்னவர் முத்தாயி. "நீங்க நிக்க வேணாம். நான் போறேன்" என்றார்.

சாதியா கதீஜாவை அழைத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய உதவியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கதீஜா முதலில் கேட்டது, எத்தனை கிலோ என்றுதான். அப்புறம் சொன்னார்:

"லாரியில ஏத்தச் சொல்லு. பன்னெண்டு மணிக்குள்ள கழுவித் துடைச்சு வச்சிடுறேன். இங்க பாரு, இன்னைக்கு அவரால குடுக்க முடியலன்னா, கடைக்காரங்க நாளைக்கு எல்லை தாண்டி பக்கத்து நாட்டுலேருந்து மாவு வரவழைச்சிடுவாங்க. அப்புறம் அவரும் இல்ல, நானும் இல்லலா."

முத்தாயியும் ஊழியர்களும் பீப்பாய்களோடு தெம்பனிஸுக்குப் போனார்கள். சாதியா, கழற்றிய மூன்று மோட்டார்களையும் மாணிக்கத்தின் வேனில் ஏற்றிக்கொண்டு அவரோடு உபிக்குப் போனாள்.

கோவின் கடையில் வேலை நெரிசல். மூன்று மோட்டார் என்றால் ஒரு வாரம் ஆகும் என்றார். சாதியா மறுபடியும் கேட்டாள். வழக்கமாக அவள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பாள். அன்று நின்றாள். நாற்பது கடைகளையும், வரப்போகும் பண்டிகையையும், இன்னும் நான்கு நாளையும் சொன்னாள். கோ மோட்டார்களைச் சுற்றி வந்து பார்த்தார். பழைய கம்பியை வெட்டி எடுத்து உள்ளே சுத்தம் செய்வதுதான் பாதி நேரத்தைத் தின்னும், அதைச் செய்ய ஆள் இருந்தால் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சாதியா துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு, கோ நீட்டிய உளியை வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். எப்படி வெட்டுவது என்று கோ அவருக்கு இரண்டு முறை காட்டிக்கொடுத்தார்.

தெம்பனிஸில் நடந்ததை முத்தாயி பிறகு சொல்லித்தான் சாதியாவுக்குத் தெரியும். கதீஜா வாசலுக்கு வந்து வரவேற்று, எந்த இயந்திரத்தில் என்ன பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு தன் ஊழியர்கள் அனைவரையும் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏன் போகிறீர்கள் என்று முத்தாயி கேட்டதற்கு, "உங்க அளவு எனக்குத் தெரிய வேணாம். நீங்க நிம்மதியா அரைங்க" என்றாராம். எவ்வளவு உளுந்துக்கு எவ்வளவு அரிசி என்பதுதான் மாவுக்காரர்களின் ரகசியம். அதை எட்டிப் பார்க்க ஒரு மதியம் முழுக்க வாய்ப்பிருந்தும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி முத்தாயி மறுபடி மறுபடி சொன்னார்.

ஐந்தரை மணிக்குக் கடைசிப் பீப்பாய் அரைந்து முடிந்தது. அன்றைய மாவு தாமதமாகத்தான் போனது. ஆனால் போகாத கடை ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமையும் அதேபோல் தெம்பனிஸில் அரைத்தார்கள். அன்று சாயங்காலமே கோ இரண்டு மோட்டார்களை முடித்துக் கொடுத்தார். சாதியா புதிய ரிலேயை மாட்டி, முனைகளையெல்லாம் இறுக்கி, ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். மூன்றாவது மோட்டார் சனிக்கிழமை வந்தது.

தீபாவளியன்று காலை மாணிக்கமும் முத்தாயியும் பலகாரத் தட்டோடு கதீஜா வீட்டு வாசலில் நின்றார்கள். போட்டிக்காரர் வாசலில் நிற்கமாட்டேன் என்றவர், காலணியைக் கழற்றிவிட்டு முதலில் உள்ளே போனாராம்.

அதற்குப் பிறகு நடந்தவை சாதியா திட்டமிட்டவை அல்ல. ஒருவர் இயந்திரம் நின்றால் மற்றவர் இடம் கொடுப்பது என்று மாணிக்கமும் கதீஜாவும் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் இயந்திரங்களை மாதாமாதம் பார்ப்பது சாதியாவின் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருந்தது. மாணிக்கம் அந்த நாற்பது உணவகங்களுக்கும் மாவு இறக்கும்போது அவளைப் பற்றிச் சொன்னார். பேச்சுக்குச் சொல்லவில்லை, ஒவ்வொரு சமையலறையிலும் நின்று, என்ன நடந்தது, யார் காப்பாற்றினார்கள் என்று முழுக்கதையும் சொன்னார். ஆறு மாதத்தில் பதினேழு சமையலறைகள் அவளிடம் பராமரிப்புக்கு வந்தன. இட்லிக் கொப்பரை, அடுப்பு, குளிரூட்டி என்று வேலை விரிந்தது. பெரிய மோட்டார்கள் எல்லாம் கோவிடம் போயின. தனக்கு வேலை கொடுத்துவந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்ததால் மறுவருடம் ஓய்வெடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகக் கோ ஒருநாள் அவளிடம் சொன்னார். உதவி வாங்கியது தான் மட்டும்தான் என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

தனி ஆளாகச் சமாளிக்க முடியாமல் போனபோது, அவளோடு அதே நாளில் வேலை இழந்த ஹனீபாவை அழைத்தாள். அவர் அப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னோட வர்றீங்களா என்று அவள் கேட்டதற்கு, எப்போ என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அழைப்புகளைக் கவனிக்கத் தமன்னா என்ற பெண்ணும் சேர்ந்தாள். வேலைக்குப் போய்வர ஒரு வேனும் வாங்கினாள் சாதியா. மாடியறை போதவில்லை. மாணிக்கத்தின் தொழிற்கூடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஓர் இடம் காலியாவதாக முத்தாயிதான் தகவல் சொன்னார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அந்தப் புதிய இடத்தைத் திறந்தார்கள். ஆரிஃப் பேருந்து ஓட்டும் சீருடையோடு, வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றார். மாணிக்கமும் முத்தாயியும் இட்லியும் சட்னியும் கொண்டுவந்தார்கள். கதீஜா பெரிய பாத்திரத்தில் இடியப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தார். கோ தன் மனைவியோடு ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்துடன் வந்தார்.

நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சாதியா எழுந்து நின்றாள். நன்றி என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிடுவாள் என்று ஆரிஃப் நினைத்தார். அவளோ ஒவ்வொருவரையாகப் பார்த்து, அவரவர் என்ன செய்தார்கள் என்று சொன்னாள். மாணிக்கம் பழியை அவள்மேல் போடாததைச் சொன்னாள். போகிறேன் என்று முத்தாயி சொன்னதை, கதீஜா கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, கோ தன் உளியை அவள் கையில் கொடுத்ததைச் சொன்னாள். பெரும்பாலோருக்குத் தெரிந்த கதைதான். இருந்தும் எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். கோவின் மனைவி, அதைத் தன்னிடம் வீட்டில் சொல்லவே இல்லையே என்பதுபோல் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது தமன்னாவின் மேசையில் தொலைபேசி அடித்தது. சிராங்கூன் ரோட்டு உணவகம் ஒன்றில் கிரைண்டர் சுற்றவில்லை. ஹனீபா கையைக் கழுவிக்கொண்டு கருவிப்பெட்டியை எடுத்தார். சாதியாவும் எழுந்தாள். நீ சாப்பிட்டுட்டுப் போம்மா என்று கதீஜா தடுத்தார். வந்து சாப்பிடுறேன் லாத்தா, எடுத்து வைங்க என்று கேட்டுக்கொண்டு, சாதியா வேன் சாவியோடு வெளியே நடந்தாள்.