எண்பத்தைந்து சைஸ் ஸ்டிக்கர்

யாழினி போனில் ஆர்டர் போட்ட பழைய டேப்ரிக்கார்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. வாரம் ஆறு நாளும் நின்றபடியே பனியனுக்கு அயர்ன் போடுகிறவனுக்கு ஞாயிறு என்பது காலை நீட்டிப் படுக்கத்தான். விட்டாளா? "எந்திரிங்கப்பா, இன்னைக்குத் தேடியே ஆகோணும்" என்று கிளப்பிவிட்டாள்.

அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது என் மனைவி மருதாள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அம்மாவின் முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு ஒன்றுமில்லை. "உன்னையத் தூங்க வெக்க உங்கம்மா பாடுனதக் கேசட்டுல புடிச்சு வெச்சிருக்கறேன் கண்ணு, பொட்டியில எங்கியோ கெடக்குது" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு இப்போது எட்டாம் மாசம். அந்தப் பாட்டைத் தன் பிள்ளைக்குப் பாட வேண்டும் என்று பிடிவாதம்.

பரண்மேல் தகரப் பெட்டியில் அது கிடைத்தது. பேர் எழுதாத பச்சைக் கேசட் அது ஒன்றுதான். எழுதி வைக்கக்கூடச் சோம்பேறித்தனம் எனக்கு. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதுதான் பார்த்தேன், விளிம்பில் '85' என்று அச்சடித்த பனியன் சைஸ் ஸ்டிக்கர்.

பதிந்தது அழியாமல் இருக்க, விளிம்பிலிருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவோம். அந்த ஓட்டையை எதையாவது ஒட்டி அடைத்தால் மறுபடி பதியலாம். மருதாள் பாடிய அன்றே பல்லை உடைத்தவன் நான். ஓட்டையை அடைத்தவனும் நான்தான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் போடப் பாட்டு வேண்டியிருந்தது. அவசரத்தில், பேர் இல்லாத பழைய கேசட் என்று எடுத்து, சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கரை ஒட்டி ரிக்கார்டிங் கடையில் கொடுத்தேன். அது எந்தக் கேசட் என்று இந்த ஸ்டிக்கரைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். பாடு என்றால் இன்னொரு தரம் பாடியிருப்பாள்.

யாழினி பாட்டைப் பதிந்துகொள்ளப் போனில் ரிக்கார்டிங்கைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, டேப்பின் பட்டனைத் தட்டினாள். நாதஸ்வரம் வந்தது. பிறகு சாமிப் பாட்டு. அதன் பிறகும் சாமிப் பாட்டு.

"அம்மா பாடுனது பின்னால வருமுங்களாப்பா?"

"வராது கண்ணு. நாந்தான் அழிச்சுப்போட்டேன்."

அவள் டேப்பை நிறுத்தவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. பாதியில் அறுபடும் பாட்டைக் கடைக்காரர்கள் ஆரம்பிக்க மாட்டார்கள், மிச்ச டேப்பைப் பழைய பதிவோடு அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு சின்னச் சொடக்குச் சத்தம். இரைச்சலுக்குள் தொட்டில் கம்பு கிரீச்சிட்டது. ஒரு குழந்தை முனகியது.

"ஏனுங்க, இன்னும் ஓடுதுங்களா?"

"ஓடுது மருதா" என்று டேப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. யாழினி அசையவில்லை. அவள் போனில் மட்டும் பதிவின் வினாடிகள் ஏறிக்கொண்டே இருந்தன.