மூடி போன வளை

தன் தம்பி டாரலிடம் கிளெனிஸ் அன்று பேசிய பேச்சைக் கேட்டு, பக்கத்துப் பண்ணைக்காரனான நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் எங்கள் பக்கம் மழை கம்மி. அவள் வேலி மூலையில் கருவேலச் சாதி மரம் ஒன்று; அதனடியில் கட்டைவிரல் அகல வளை. உள்ளே ஒரு பெண் சிலந்தி. சருகையும் நூலையும் சேர்த்துச் செய்த மூடிக்கடியில் காத்திருக்கும். வாசலைச் சுற்றிக் குச்சிகளை விசிறிபோல் பரப்பியிருக்கும். எறும்பு ஒரு குச்சியை மிதித்தால் மூடி திறக்கும்; அப்புறம் எறும்பு இருக்காது. வயதான சிலந்தி வேறு இடம் போய் வளை தோண்டாது. கல்யாணமான புதிதில் கிளெனிஸின் கணவர் ரெக்ஸ் அதைக் கண்டு, அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரமுளை அடித்தார். அவர் செத்துப் போன பிறகும் சிலந்தி இருந்தது. சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குள் போவாள்.

கோடைக்கு முன்னால் எல்லாரும் வேலியோரம் தீத்தடுப்புப் பாதை வெட்டியாக வேண்டும். டாரல் மண்ணை வழிக்கும் கிரேடர் வண்டியோடு வந்தான். முளையைச் சுற்றிப் போகச் சொன்னாள் கிளெனிஸ்.

"உன் சிலந்திக்குப் பட்டா இருக்காக்கா?" என்று சிரித்தாலும் சொன்னபடியே வளைந்து போனான். அதோடு விட்டிருக்கலாம். தீ வந்தால் முளை எரியுமே என்று, வேலிக் கம்பங்களுக்குச் செய்வதுபோல அதைச் சுற்றியும் சருகு வாரும் ரேக்கால் வழித்து வெறும் மண்ணாக்கிவிட்டான். மூடியும் சருகோடு போயிற்று.

"கிரேடரை ஏத்தியிருந்தா ஒரேயடியா செத்திருக்கும்டா. நீ சுத்தம் பண்ணிக் கொல்ற."

"அத்தான் அடிச்ச முளைன்னுதான்..."

"முளையை வச்சு நான் என்ன பண்ண? ஒரு வார்த்தை கேக்க வாய் வலிச்சுதா?"

நியாயமான கோபம். டாரல் சருகுக் குவியலுக்குப் போய் மண்டியிட்டு, அந்தத் தடித்த விரல்களால் குச்சி பொறுக்கினான். எவ்வளவு நீளம் என்று கேட்டான். மறுபடி கேட்டான்.

"சுண்டுவிரல் அளவு," என்றாள் வெடுக்கென்று. அவன் வளையோரம் குச்சி வைப்பதைப் பார்த்து, "வரிசையா அடுக்கறியே, வேலியா போடற? வாசலைப் பாத்து வை."

படுக்குமுன் ஜெபத்தில் இருவர் பெயரையும் சொன்னேன். சிலந்திக்குப் பெயரில்லை, அதையும் சொன்னேன்.

விடிந்ததும் கிளெனிஸும் நானும் போய்ப் பார்த்தோம். வாசலில் மண்ணும் நூலுமாக மெல்லிய மூடி. டாரல் வைத்த குச்சிகளில் ஒன்றைச் சிலந்தி நூலால் கட்டியிருந்தது.

கிளெனிஸ் தம்பிக்குப் போன் போட்டாள்.

"இருக்கு," என்றாள். பிறகு, கோபம் குறையாமலே, "சாப்பிட வா."