ஆசிரியருக்கு ஒரு கார்டு

கம்பைநல்லூர் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா சவுரியப்பனுக்கு ஒரு வியாதி. பகல் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு தப்பைக் கண்டுவிட்டால் போதும், பெங்களூரில் இருக்கிற ஆசிரியருக்குக் கார்டு எழுதிப் போடாமல் சோறு இறங்காது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஒரு நாள் போட்டுத் தொலைத்தார்கள். 'அபவுட் எதற்கு, தொட்டுக்கொள்ளவா?' என்று இங்கிலீஷிலேயே கேட்டுப் போனது கார்டு. இருந்த இடத்திலிருந்தே ஒரு பத்திரிகை ஆபீசை நடுங்க வைத்திருந்தார் மனுஷன்.

எழுபத்து நாலாம் வருஷம் அதே பேப்பரில் மகள் ராஜமேரிக்குப் புரூப் பார்க்கிற வேலை கிடைத்தது. அச்சேறுமுன் தப்பைப் பிடிக்க வேண்டும்; ஆறு மாதம் ஒழுங்காகப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். அன்றோடு சவுரியப்பன் கையைக் கட்டிக்கொண்டார். எந்தத் தப்பு யார் பார்த்த பக்கத்தில் வந்ததோ! பெற்ற பெண்ணின் பிழைப்பில் அப்பனே மண்ணைப் போடுவானா?

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்துத் தலைப்பிலேயே 'ரிட்டர்ன்ஸ் பேக்' என்று வந்திருந்தது; ரிட்டர்ன்ஸ் இருக்க, பேக் எதற்கு? வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"ஏங்க, பேதி மாத்திரை தின்னவராட்டம் அலையறீங்க?" என்றாள் மனைவி மதலேனம்மாள்.

"ஒண்ணுமில்ல" என்று பேப்பரை மடித்து வைத்தார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஈஸ்டருக்கு வந்த ராஜமேரி பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கேட்டாள்: "ஏம்ப்பா, ஆபீசுக்கு உங்க கார்டே வர்றதில்லயே?"

"உனக்குத்தான் வாரம் தவறாம லெட்டர் போடறேனே, கண்ணு."

"நலம், நலமறிய ஆவல். அவ்வளவுதான? உங்க கார்டுங்கள நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்கப்பா. படிச்சா நீங்க எதுக்க நின்னு பேசறாப்பல இருக்கும். போன புதுசுல அதைப் படிச்சுத்தான் அழுவாம இருந்தேன். அப்புறம் புதுசே வரல. அதான்..." தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த 'ரிட்டர்ன்ஸ் பேக்' இருக்கே, அது நான் வேணும்னே விட்டதுங்கப்பா. அதுக்கும் நீங்க எழுதல."

"அடி மாதாவே! வேலை போயிருந்தா?"

"போவல. ஆசிரியர் கூப்பிட்டு வெச்சுத் திட்டினாரு. ஆனா அந்த ஆளுக்கு உங்களாட்டம் திட்டத் தெரியலப்பா."

சவுரியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் மனம் குளிரும்படி திட்ட ஆரம்பித்தார்.