பூசாமல் வாங்கோ

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் இருந்தவளுக்கு அது பெரிய குற்றமில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடற்தொழிலாளி வின்சன் முதன்முறை வந்தபோது சவர்க்காரம் மணந்தது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய படை. அதன்மேல் கடையில் வாங்கிய களிம்பு, அதற்கும் மேலே பவுடர். சுரண்டிப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் களிம்பைத் தவிர ஒன்றுமில்லை.

“ஏன் இப்பிடிப் பூசிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஆசுபத்திரிக்கு ஊத்தையா வாறதே, மிஸ்?”

நியாயந்தான். எங்கள் ஆட்கள் சாகக் கிடந்தாலும் முழுகிவிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு வெளிக்கிடுவார்கள். ஆனால், இது பூஞ்சணமா தொழுநோயா என்று டொக்டர் இரண்டு மனமாக இருந்தார். வின்சனுக்கோ ஒரே மனம்: தொழுநோய்தான். மூன்று மாதமாகத் தனிக் கோப்பை, தனிப் பாய், கரையில் மீன்பிடி வாடிக் குடிலிலே படுக்கை. இரண்டு வயது மகளைத் தூக்கவேயில்லை.

“பத்து நாளைக்கு ஒண்டும் பூசாதேங்கோ. பூசினால் என்னட்டை வராதேங்கோ” என்று ஏசி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனம் கேட்கவில்லை. முன்பெல்லாம் இப்படிச் சுரண்டியதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். நான் பயிற்சிக்குப் போய்வந்து, இங்கேயே பார்க்கத் தொடங்கி நாலு மாதந்தான். நான் பிழைவிட்டால் ஒரு வீடே உடையும்.

பதினோராம் நாள் வந்தார். படை சிவந்து, ஓரம் தடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது. மனைவி ஆன்சலா பிள்ளையோடு வாசலிலேயே நின்றாள். சுரண்டி, மருந்து ஒரு துளி விட்டு, இருபது நிமிடம் பொறுத்து நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். தகடு முழுக்கக் கிளைவிட்ட நூல்கள். பூஞ்சணமேதான். “அப்பாடா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“வந்து பாருங்கோ.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “தங்கூசி வலை சிக்குப்பட்ட மாதிரிக் கிடக்கு, மிஸ்.”

டொக்டரும் வந்து பார்த்தார். “தொழுநோய் இல்லை. இது பூஞ்சணம். ஒரு மாதம் குளிசை போட்டால் மாறிடும்.”

வின்சன் கதிரையில் பொத்தென்று இருந்தார். “அப்ப பிள்ளையைத் தூக்கலாமோ, மிஸ்?”

உண்மையைச் சொன்னால், தோலோடு தோல் பட்டால் தொழுநோயைவிட இதுதான் கெதியாக ஒட்டும். “உங்கடை துவாயை வேறாய் வையுங்கோ. இடுப்பு மறையச் சேட்டைப் போட்டிட்டுத் தூக்குங்கோ.”

அவசரத்தில் பொத்தான்களை மாறிப் பூட்டினார். நான் வழக்கம்போல ஏச வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை தாயின் கையிலிருந்து தாவி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.