மெனுவில் ஒரு வரி

"மெனுவுலேருந்து ஒரே ஒரு வரியை எடுத்துடும்மா" என்று ராஜராஜன் சார் சொன்னார். 'ம்மா' போட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் நான் வெறும் இசைவாணிதான்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நெல்லில் ஈரம் எவ்வளவு என்று அளக்கிற மெஷினுக்கு மென்பொருள் எழுதுகிறோம். மெஷினை வாங்கியிருக்கும் பெரிய ரைஸ்மில்தான் சாருக்குப் படியளக்கிற சாமி. நாங்கள் எழுதிய புரோகிராம் முழுவதையும் அலசிக் காட்ட ஒரு டூல் இருக்கிறது. பிரவுசரில் திறக்கும். திரையில் புரோகிராமின் எந்தப் பகுதியின் பெயர் மீது ரைட் கிளிக் செய்தாலும் ஒரு மெனு விழும். அதில் என்னென்ன வரிகள் இருக்கவேண்டும், எது மேலே, எது கீழே என்று அமைப்பது என் வேலை. பார்க்க வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே வைத்திருந்தேன். 'எங்கே எழுதப்பட்டது', 'கடைசியாக மாற்றியவர்', 'இதை அழைப்பது யார்' என்று. அந்தப் பகுதியை புரோகிராமில் எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று கடைசி வரி காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மில்லில் மெஷின் ஈரத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று விவசாயிகள் சண்டை போட்டிருந்தார்கள். அவர்கள் சங்கம், புரோகிராமைச் சோதித்துப் பார்க்கத் திருவாரூரிலிருந்து அப்துல் அஜீஸ் என்ற மென்பொருள் ஆலோசகரை அனுப்புகிறது. மறுநாள் வருகிறார். அவர் பார்க்கிற மெனுவில் 'இதை அழைப்பது யார்' என்ற வரி இருக்கக்கூடாதாம்.

"ஏன் சார்?"

"அவரு குழம்பிடுவாரும்மா. மெனு சின்னதா, அழகா இருக்கட்டும்."

"அழகா இருக்க அது என்ன மார்கழிக் கோலமா சார்?"

"சொன்னதைச் செய், இசைவாணி." ம்மா போய்விட்டது.

அவர் நகர்ந்ததும் நானே அந்த வரியைப் பிடித்தேன். ஒளிக்கச் சொன்னால் பார்க்காமல் இருக்க நான் என்ன கோயில் சிலையா? அளவு கணக்கிடும் பகுதியில் 'திருத்தம்' என்று ஒன்று இருந்தது. வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி அளவைச் சரிசெய்வது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதன் மீது ரைட் கிளிக் செய்து, 'இதை அழைப்பது யார்' என்று கேட்டேன். இரண்டு இடம் காட்டியது. ஒன்று வெயில், குளிர் கணக்கு. இன்னொன்று, நெல் கொண்டுவருகிறவர் பெயர் மில்காரர்களின் சொந்த லிஸ்டில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஈரத்தில் ஒரு சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். மில்லில் பதினேழு வரைதான் வாங்குவார்கள், அந்தப் பதினேழு பதினெட்டாகிவிடும். பதினெட்டு என்றால் நெல்லைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லை ஈரநெல் என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைசியாக மாற்றியவர் ராஜராஜன்.

போன வாரம்தான் அப்பா குடவாசலிலிருந்து சம்பா நெல்லை ஏற்றிக்கொண்டு அந்த மில்லுக்குப் போனார். பத்தொன்பது என்று திருப்பி அனுப்பினார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து மறுபடி கொண்டுபோனார். அப்போதும் பதினெட்டு என்று திருப்பிவிட்டார்கள். "பல்லுல வெச்சா நறுக்குனு உடையுது பாப்பா, இதுக்கு மேல காஞ்சா அரிசி நொறுங்கிடும்" என்று போனில் புலம்பினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மெஷின் பொய் சொல்லாதுப்பா என்றேன். மெஷின் சொல்லாது, சரிதான். சொல்ல வைக்கிற மகராசன் என் எதிர் அறையில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் தாத்தா காலத்தில் பண்ணையில் நெல் அளக்க இரண்டு மரக்கால் இருக்குமாம். குத்தகை வாங்கப் பெரியது, கூலி போடச் சின்னது. அது கண்ணுக்குத் தெரிந்தது, திட்டவாவது முடிந்தது. இதைப் படித்தவன் கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்திருக்கிறான். அதை மறைக்கிற வேலை எனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, பரிமாறுகிற கரண்டியை என் கையில் கொடுக்கிறான்.

அந்த வரியை நான் எடுக்கவில்லை. தூக்கி மெனுவின் தலையில் வைத்தேன்.

மறுநாள் காலை, "முடிச்சிட்டியாம்மா?" என்றார்.

"மாத்திட்டேன் சார்."

அப்துல் அஜீஸ் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரத்தில் இருந்தார். ராஜராஜன் சார் மவுஸைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கலர் கலராகப் படங்களாக ஓட்டினார். பச்சை வட்டம், நீல வட்டம், நடுவில் டிகிரி காபி. அந்த மனிதர் எதையும் கிளிக் செய்யவே இல்லை! தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டார். அடப்பாவி மனுஷா, ராத்திரி தூக்கம் கெட்டு நான் தலையில் தூக்கி வைத்த வரியை ஒருதரம் பார்க்கக்கூடாதா? எல்லாம் சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால் சங்கம் வாயை மூடிக்கொள்ளும். அப்பாவின் நெல் ரோட்டிலேயே கிடக்கும்.

"சார், ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். "நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார் ராஜராஜன் சார்.

"இதுதான் சார் என் வேலை." மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். 'திருத்தம்' மீது ரைட் கிளிக், முதல் வரி. இரண்டு இடமும் திரையில் வந்து விழுந்தன. "ரெண்டாவதைப் படிங்க சார். லிஸ்ட்ல இல்லாதவங்க நெல்லுக்கு ஒண்ணு கூட்டுறாங்க. எங்கப்பா நெல்லு ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு. ரெண்டாந்தடவை, காயவெச்சு எடுத்துட்டுப் போனது."

அப்துல் அஜீஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது என்ன சார்?"

"டெஸ்டிங்குக்காகப் போட்டதுங்க. எடுக்க மறந்துட்டோம். லிஸ்டு கிஸ்டெல்லாம் ஒண்ணும் கிடையாது, வெறும் பேரு" என்றார் ராஜராஜன் சார். வார்த்தை தடுமாறவே இல்லை. அப்துல் அஜீஸ் சரி என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில்.

சார் என் பக்கம் சாய்ந்தார். குரலில் நிஜமான வருத்தம். "ஏம்மா, உங்க அப்பா நெல்லுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? லிஸ்டுல அவரு பேரையும் சேர்த்திருப்பேனே."

"கிடையாதுன்னீங்களே, அந்த லிஸ்டுலயா? சேர்த்துடுங்க சார்" என்றேன், பாத்திரக்கடை வரை கேட்கிற மாதிரி. "எங்க தெருவுல காத்தாயி அத்தை இருக்கு, அதையும் சேருங்க. வைரக்கண்ணு மாமாவையும் சேருங்க. ஊரையே சேருங்க! அப்புறம் யாரு நெல்லுல சார் கூட்டுவீங்க?"

அப்துல் அஜீஸ் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே உட்கார்ந்தார்.

"அந்த லிஸ்ட்டைத் திறங்க சார்" என்றார். "நீங்க வேணாம். மவுஸு அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்."