குழிக்குள் சுற்றும் தேங்காய்

1

ஜார்ஜ்டவுன் இதுவரை உலகுக்குத் தந்த துணிச்சல்காரர்களில் முதலிடம் எனக்குத்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஹரீஷ் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "சனிக்கிழமை நீ அந்தச் சரிவுல இறங்குவியா? நீ இறங்குனா நானும் இறங்குறேன். சீரியஸா கேக்குறேன்லா."

படித்துவிட்டேன் என்று நீல டிக் காட்டிக்கொடுத்துவிட்டது. பதில் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருப்பதற்காகக் கதை எழுதுகிறேன். கதைக்கு நீல டிக் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "காட்டோடை சீறிப் பாய்ந்தது. இளைஞன் சிரித்தான்."

வேண்டாம். அந்த இளைஞனை எனக்குத் தெரியும். அவன் சிரிக்கவில்லை.

இன்னொன்று: "எங்கள் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி, கெடா பக்கம் மலையேறினால் ஓர் ஓடை வரும். அதன் பெயர்—"

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் சனிக்கிழமை நிஜமாகிவிடும்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன். போன ஞாயிறு நாங்கள் மூன்று பேர் ஓடையைப் பார்த்துவரப் போனோம். திட்டம் தனுஜாவுடையது, எங்கள் வகுப்பில் வேகத் தண்ணீரில் படகு ஓட்டியிருப்பவள் அவள் ஒருத்திதான். ஹரீஷும் நானும் கல்லூரி நீச்சல் குளத்தில் கயாக் படகோடு கவிழ்ந்து நிமிரப் பழகியவர்கள். ஹரீஷ் கவிழ்வதில் தேறிவிட்டான். நிமிர்வது இன்னும் நிலுவையில் இருக்கிறது.*

* இது நகைச்சுவைக்காக எழுதிய வரி. இப்போது படித்தால் நகைச்சுவையாக இல்லை. இருக்கட்டும்.

3

ஓடை ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி, ஆள் உயரம் விழுகிறது. விழுந்த தண்ணீர் முன்னால் போகாமல், அங்கேயே ஒரு குழிக்குள் திரும்பித் திரும்பிச் சுருள்கிறது.

ஹரீஷின் அம்மா நல்லம்மாள் ஒரு தேங்காய் கொடுத்தனுப்பியிருந்தார். புதுக் காடி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காயும் உடைப்போம் இல்லையா? படகுக்கு டயர் இல்லாததால் எலுமிச்சம்பழம் தப்பித்தது. தேங்காயை ஓடைக்கரைப் பாறையில் உடைக்கச் சொல்லியிருந்தார். ஹரீஷ் ஓங்கினான். கை ஈரம். தேங்காய் உடையாமல் முழுசாகத் தண்ணீரில் விழுந்தது.

சரிவில் அழகாக இறங்கியது. குழிக்குள் போனது. மேலே வந்தது. கரைக்கு வரப்போவதுபோல் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி உள்ளே போனது.

குடுமியோடு உரித்த தேங்காய். தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

கொண்டுபோன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த பிறகும் தேங்காய் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இங்க நான் இறங்க மாட்டேன்," என்றாள் தனுஜா. "படகத் தோள்ல தூக்கிட்டு கரையில அந்த மர வேர் பக்கமா நடந்துடுவேன். எல்லாரும் செய்றதுதான்."

"படகு ஆளச் சுமக்கணும் தனு. ஆளு படகச் சுமந்தா அதுக்குப் பேரு மூட்ட தூக்குறது. பாசார்ல போய் தூக்கலாம், சம்பளமாவது கெடைக்கும்," என்றேன் நான்.

ஹரீஷ் சிரித்தான். இந்தக் கதையின் பிரச்சினையே அந்தச் சிரிப்புதான்.

தனுஜா சிரிக்கவில்லை. "அப்ப நீ இறங்கு. நான் கீழ கயிறோட நிக்கிறேன். ஆனா இந்த ஹரீஷ் தண்ணியப் பார்க்க மாட்டான். உன்னத்தான் பார்ப்பான். யோசிச்சுக்கோ."

"இறங்குறேன்லா," என்றேன்.

4

இந்தக் கதையில் 'நான்' என்று வருகிறவன் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வசனம் எல்லாம் நன்றாகப் பேசுகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகத்தில் தண்ணீர் படாமல் குளிக்கிறான். நேற்று ஜெலுத்தோங் டோபிக் கடையில் துணி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். சலவை இயந்திரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காலுறை மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது. எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டான்.

துணிச்சல்காரன் பாத்திரத்துக்கு இது பொருந்தவில்லை. அந்தப் பகுதியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அதை அடித்தால் அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

5

முடிவுகள்.

(அ) நான் இறங்குகிறேன். குழியைத் தாண்டிவிடுகிறேன். கரையில் நின்று கையசைக்கிறேன். அதைப் பார்த்து ஹரீஷ் பின்னாலேயே—

(ஆ) நான் இறங்குகிறேன். குழி என்னை விடவில்லை. எழுத்தாளன் தன்னைத் தானே மூழ்கடிப்பதில் இலக்கிய ரீதியாக ஆட்சேபம் இல்லை. ஆனால் மேலே நிற்கும் ஹரீஷ் என்னைக் காப்பாற்றுவதற்காக—

(இ) சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. போர்வைக்குள் படுத்திருக்கிறேன். அங்கே ஹரீஷ், "அவன் இருந்தா இறங்கியிருப்பான்," என்று சொல்லிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டுகிறான்.

எந்தப் பக்கம் எழுதினாலும் தேங்காய் இருக்கிற இடத்துக்கு ஹரீஷ்தான் போய்ச் சேருகிறான். பேனாவைப் பலமுறை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது. அதை நான் எழுத முடியாது. அதற்குத்தான் ஏற்கெனவே 'மூட்ட தூக்குறது' என்று பெயர் வைத்துச் சிரிக்க வைத்திருக்கிறேனே. சனிக்கிழமையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வேண்டுகோள்: ஹரீஷை நிமிர்த்தி வையுங்கள்.

6

கதை அதோடு முடிந்தது. இது கதைக்கு வெளியே.

சாயங்காலம் கீழே இறங்கினேன். எங்கள் ஃபிளாட் மாடிப்படிக்கு அடியில் தனுஜா விட்டுப்போன கயாக் கிடந்தது. இழுத்துத் தோளில் ஏற்றினேன். கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி நடந்தேன். குப்பைத்தொட்டி அருகே ஒரு முறை வழுக்கியது. படகை விடவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஹரீஷ்.

"மெசேஜுக்குப் பதிலே காணோம். என்னடா பண்ற?"

"சனிக்கிழமைக்குப் பழகுறேன்."

"இத எதுக்குப் பழகணும்?"

"வேர் பக்கம் வழுக்கும்லா."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார் கண்ணாடியில் மாட்டினான். மூச்சை நீளமாக விட்டான். எப்போது இழுத்து வைத்திருந்த மூச்சோ.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டான்.

"லைஃப் ஜாக்கெட்ட மடிச்சு வச்சுக்கோ. இல்லன்னா எலும்புல குத்தும்," என்றேன்.

கயாக்கை அவனிடம் கொடுக்க இறக்கினேன். அவன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நான் முன்பக்கத்தை மறுபடி தோளில் வைத்தேன்.